கடைத்தெருவின் சாவி யாரிடம்?

எங்கள் பக்கத்துக் கிராமங்களில் ‘டவுனுக்குப் போறேன்’ என்றால் அது கடலூர். கடலூரில் எந்த இடம் என்பது போகிற காரியத்திலேயே தெரிந்துவிடும். மனு கொடுக்க, கோர்ட்டுக்கு, பெரியாஸ்பத்திரிக்கு என்றால் மஞ்சக்குப்பம். மீனும் துறைமுகமும் என்றால் முதுநகர். அதை இன்றைக்கும் ‘ஓ.டி.’ என்றுதான் சொல்கிறோம். மற்ற எல்லாவற்றுக்கும் திருப்பாப்புலியூர்தான். தீபாவளித் துணி, கல்யாணத்துக்குத் தாலி, பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம், பொங்கலுக்குப் பானை, மிக்ஸி பழுது, மூக்குக்கண்ணாடி, நகை அடகு, அடகு மீட்பு எல்லாம் அங்கேதான். ஏட்டில் அதன் பெயர் திருப்பாதிரிப்புலியூர்.

1866-ல் நகராட்சியாகி, 2021-ல் மாநகராட்சியான ஊர் கடலூர். 2011 கணக்கெடுப்பில் இதன் மக்கள்தொகை 1,73,636. பெரிய நகரமில்லை. ஆனால் சுற்றியுள்ள கிராமங்களுக்கு இதுதான் பெரிய ஊர். பேருந்து நிலையமும் ரயில் நிலையமும் அருகருகே இருப்பதால் எந்தத் திசையிலிருந்து வந்தாலும் கால் படுகிற முதல் இடம் திருப்பாப்புலியூர். இறங்கி நடந்தால் லாரன்ஸ் ரோடு. ஒரு பக்கம் பாடலீஸ்வரர் கோயிலைச் சுற்றிய வீதிகள், இன்னொரு பக்கம் பான்பரி மார்க்கெட்.

அதே 2011 கணக்கெடுப்பின்படி கடலூர் மாவட்டத்தில் நூற்றுக்கு 29 பேருக்கு மேல் பட்டியல் சாதியினர். தமிழ்நாட்டில் இந்த அளவுக்கு நாம் வாழும் மாவட்டங்கள் சிலதான். ஆகவே திருப்பாப்புலியூர்க் கடைத்தெருவில் புழங்கும் பணத்தில் நம் கூலியும் கணிசமாகக் கலந்திருக்கிறது. அந்தக் கடைகளில் எத்தனைக்குச் சாவி நம் கையில் இருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

கிராமத்துக் கடையும் டவுன் கடையும்

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் ஆட்களுக்கு டவுன் கடைத்தெரு ஒரு விடுதலை. கிராமத்து மளிகைக் கடையில் ஓரமாக நின்று, காசைப் பலகையில் வைத்துவிட்டு, பொட்டலம் வருவதற்குக் காத்திருந்த தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. டீக்கடையில் தனிக் குவளை கழுவி வைத்தவர்கள் நம் தாத்தாக்கள். அவர்கள் திருப்பாப்புலியூர் வந்தால் ஓட்டலில் பெஞ்சில் உட்கார்ந்து இலை போட்டுச் சாப்பிட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்தவர் யார் என்று யாருக்கும் தெரியாது. ஊருக்குத் திரும்பி வந்து அந்தச் சாம்பாரின் ருசியைப் பேசியதைவிட, உட்கார்ந்து சாப்பிட்டதைத்தான் அதிகம் பேசினார்கள்.

இந்த உரிமை தானாக வந்ததல்ல. 1924 ஆகஸ்டில் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், பொது அலுவலகம், பொதுக் காரியம் நடக்கும் இடம் ஆகியவற்றை எந்தச் சாதியினரும் பயன்படுத்தத் தடையில்லை என்பதே அதன் சாரம். அது அரசாணையாகவும் வந்தது. ஒரு தெருவில் நடப்பதற்கே அன்று சட்டமன்றத் தீர்மானம் தேவைப்பட்டிருக்கிறது! பிறகு அரசியலமைப்புச் சட்டம் வந்தது. அதன் 15(2) பிரிவில் கடைகள், உணவு விடுதிகள் என்று பெயர் சொல்லியே எழுதப்பட்டிருக்கிறது. சாதியைக் காட்டி அங்கே யாரையும் தடுக்கக் கூடாது. 1955-ல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது.

அந்தச் சட்டத்துக்கு நம் மாவட்டத்தோடு ஒரு தொடர்பு உண்டு. 1952-ல் கடலூரிலிருந்து நாடாளுமன்றம் போன எல்.இளையபெருமாளின் தலைமையில் 1965-ல் மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. தீண்டாமையையும் நம் மக்களின் கல்வி, பொருளாதார நிலையையும் நாடு முழுக்க ஆராய்ந்த அந்தக் குழு 1969-ல் அறிக்கை தந்தது. பின்னர் 1976-ல் பழைய சட்டம் கடுமையாக்கப்பட்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியதில் அந்த அறிக்கைக்குப் பங்கு உண்டு. சிதம்பரத்தில் 1916-ல் சுவாமி சகஜானந்தர் தொடங்கிய நந்தனார் பள்ளியைத் தெரிந்த அளவுக்கு நம் மாணவர்களுக்கு இளையபெருமாள் அறிக்கையைத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆக, கடைத்தெருவில் நடக்கலாம், வாங்கலாம், சாப்பிடலாம். இது வென்றெடுத்த உரிமை. ஆனால் வாங்குகிறவராக நுழைவது ஒன்று, விற்கிறவராக நுழைவது வேறு. முதல் கதவு திறந்துவிட்டது. இரண்டாவது கதவின் முன்னால் இன்னும் நின்றுகொண்டிருக்கிறோம்.

விடியலிலிருந்து இரவு வரை

ஒருநாள் முழுக்கக் கடைத்தெருவில் நின்று பாருங்கள். இருட்டு விலகும் முன்பே வருகிறவர்கள் தூய்மைப் பணியாளர்கள். முந்தைய நாளின் அழுகல் தக்காளி, வாழைச் சருகு, பாலித்தீன், டீக் கப், மீன் கழிவு எல்லாவற்றையும் அள்ளி, கடை திறக்கிறவர் மூக்கைப் பொத்தாமல் சாமி படத்துக்கு ஊதுவத்தி ஏற்ற வழிசெய்து தருகிறவர்கள் இவர்கள்தான். நிரந்தரப் பணியிடத்தை விட ஒப்பந்த வேலைதான் இன்று அதிகம். ஒப்பந்ததாரர் மாறுவார்; துடைப்பம் பிடிக்கும் கை மாறாது; சாதியும் மாறாது.

அடுத்து முதல் பஸ்ஸில் கீரைக்கட்டோடு, வாழையிலையோடு, பூக்கூடையோடு வரும் பெண்கள். சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று 2021 மே மாதம் வந்த பிறகு இவர்கள் கூட்டம் கூடியிருப்பதை நாங்களே பார்க்கிறோம். முன்பு இருபது கட்டுக் கீரை விற்றால் நாலைந்து கட்டின் காசு பஸ்ஸுக்கே போகும். இப்போது அது வீட்டுக்கு வருகிறது. இவர்கள் உட்காருவது கடை வாசலில். கடைக்காரர் வந்து ஷட்டரைத் தூக்கும்வரை மட்டும். அதன்பின் சாக்கைச் சுருட்டிக்கொண்டு வேறு நிழல் தேட வேண்டும்.

பத்து மணிக்குத் துணிக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடைப் பெண்கள். காலனிகளிலிருந்து பிளஸ் டூ முடித்து, சிலர் டிகிரியும் முடித்து வருகிறவர்கள். சீருடைச் சேலை, தலையில் பூ, முகத்தில் புன்னகை, காலில் நரம்பு சுருட்டிக்கொண்ட வலி. தமிழ்நாட்டில் 2021-ல்தான் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்பவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று எழுதினார்கள். உட்காருவதற்கு ஒரு சட்டம்! தங்கைகளே, நீங்கள் வேலை செய்யும் கடையில் ஸ்டூல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது முதலாளியின் பெருந்தன்மைக் குறை அல்ல, சட்ட மீறல்.

இரவில் சுமை இறக்கும் அண்ணன்கள். லாரியிலிருந்து மூட்டை குடோனுக்குப் போகும்வரை அது அவர்கள் முதுகில்.

இப்படிப் பார்த்தால் நாம் இல்லாத நேரம் அந்தத் தெருவில் இல்லை. கடைக்கு முன்னால் இருக்கிறோம், கடைக்கு அடியில் சாக்கடையில் இருக்கிறோம், கடைக்குள் நின்றுகொண்டும் இருக்கிறோம். கல்லாவுக்குப் பின்னால் மட்டும் அரிதாகவே இருக்கிறோம்.

எங்கள் கதை

அடுத்தவர் கதையைச் சொல்வதைவிட எங்கள் கதையையே சொல்லிவிடுகிறோம். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தது. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. தோப்பு வேலையை நம்பியிருந்த எங்கள் வீடுகளில் அடுப்பு எரிவது கஷ்டமானது. மறு வருஷம் நண்பர்கள் நாங்கள் மூவர் ஒரு முடிவுக்கு வந்தோம். ஒருவர் செல்போன் பழுதுபார்க்கக் கற்றிருந்தார். ஒருவருக்குக் கணக்கு வழக்கு தெரியும். மூன்றாமவருக்கு வாய் இருந்தது. மூன்று அம்மாக்களின் தோடும், ஒரு சீட்டுப் பணமும் சேர்ந்து அறுபதாயிரம் ரூபாய் கையில் இருந்தது. திருப்பாப்புலியூரில் ஒரு சின்னக் கடை. அவ்வளவுதான் ஆசை.

தரகர் ஒருவர் கூட்டிப் போனார். எட்டடிக்குப் பத்தடி. முன்பு வளையல் கடையாக இருந்த இடம். அட்வான்ஸ் ஐம்பதாயிரம், வாடகை நாலாயிரத்து ஐநூறு. உரிமையாளர் நல்ல மாதிரியாகப் பேசினார். மோர் கொடுத்தார். “பொழைக்கிற பிள்ளைங்க, நல்லா இருங்க” என்றார். பிறகு கேட்டார்: “தம்பி, எந்த ஊர்?” ஊர்ப் பெயரைச் சொன்னோம். “ஊர்ல எந்தப் பக்கம்?”

நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வியை விளக்கத் தேவையில்லை. பெயரில் சாதி இல்லாத தமிழ்நாட்டில் சாதியைக் கேட்கும் முறை இது. ஊரில் எந்தப் பக்கம், குலதெய்வம் எது, அப்பா என்ன செய்கிறார், இன்னாரைத் தெரியுமா? நாலு கேள்வியில் ஆளை அளந்துவிடுவார்கள். நாங்கள் சுற்றி வளைத்துப் பேசினோம். “பஸ் ஸ்டாப் பக்கம்” என்றோம். அவர் சிரித்துக்கொண்டே, “சரி, அக்ரிமென்ட் போட ரேஷன் கார்டு ஜெராக்ஸ் கொண்டாங்க” என்றார்.

ரேஷன் கார்டில் முகவரி இருந்தது. முகவரியில் ‘காலனி’ இருந்தது.

மறுநாள் தரகர் போன் செய்தார். “அவங்க அண்ணன் பையன் கடை வைக்கப் போறானாம் தம்பி. வேற பார்க்கலாம்.” நாங்களும் நம்பினோம். நம்பாமல் என்ன செய்வது? பதினைந்து நாள் கழித்து அந்தப் பக்கம் போனபோது, ‘கடை வாடகைக்கு’ என்ற அட்டை அதே ஷட்டரில் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டாவது இடத்தில் அட்வான்ஸ் ஒரே இரவில் இரட்டிப்பானது. மூன்றாவது இடத்தில் “வாஸ்து பார்த்துட்டுச் சொல்றோம்” என்றார்கள். இன்றுவரை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் போலிருக்கிறது.

யாரும் எங்களைத் திட்டவில்லை. யாரும் சாதிப் பெயரைச் சொல்லவில்லை. தள்ளி நில் என்று சொல்லவில்லை. மோர் கொடுத்தவர் டம்ளரைத் தனியாகக் கூட வைக்கவில்லை. இதுதான் டவுன் தீண்டாமை. கிராமத்தில் அதைக் கண்ணால் பார்க்கலாம். கையால் தொட்டுக் காட்டலாம். டவுனில் அது ‘அண்ணன் பையன்’ என்ற இரண்டு சொல்லில் முடிந்துவிடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்திலும், 1989-ம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-ல் செய்த திருத்தத்திலும் இது இருக்கிறது. பட்டியல் சாதியினர் ஒரு தொழிலையோ வியாபாரத்தையோ நடத்தவிடாமல் தடுப்பது குற்றம். பொருளாதாரப் புறக்கணிப்பு குற்றம். ஆனால் சாதிக்காகத்தான் தடுத்தார் என்பதைக் காட்ட வேண்டும். இல்லாத அண்ணன் பையனை நீதிமன்றத்தில் எப்படி நிறுத்துவது?

வங்கியிலும் அதே கதவு

கடன் வாங்கியாவது அட்வான்ஸ் அதிகம் கொடுத்து இடம் பிடிக்கலாம் என்று வங்கிக்குப் போனோம். “கடை எங்கே? வாடகை ஒப்பந்தம் இருக்கா?” என்று கேட்டார்கள். கேட்டதில் தவறில்லை, கடையே இல்லாதவருக்குக் கடைக் கடன் எப்படிக் கொடுப்பார்கள்? ஆனால் எங்கள் நிலையைப் பாருங்கள். ஒப்பந்தம் இல்லாமல் கடன் இல்லை. பணம் இல்லாமல் ஒப்பந்தம் இல்லை. பணம் இருந்தாலும் காலனி முகவரிக்கு ஒப்பந்தம் இல்லை.

நம் இளைஞர்களுக்குத் தொழில் திட்டங்கள் இல்லாமல் இல்லை. 1974-லிருந்து தாட்கோ இருக்கிறது. 2023-ல் தமிழ்நாடு அரசு அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தைக் கொண்டுவந்தது. உற்பத்தி, வணிகம், சேவை ஆகிய மூன்றுக்கும் அது பொருந்தும். திட்ட மதிப்பில் 35 சதவீதம் மானியம், உச்சவரம்பு 1.5 கோடி ரூபாய். வட்டியில் 6 சதவீதம் தள்ளுபடி. விண்ணப்பம் மாவட்டத் தொழில் மையம் வழியாகப் போகிறது. நல்ல திட்டம். படித்த பிள்ளைகள் விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் பணத்தை அரசு தரலாம். ஷட்டரை யார் தருவது? கடைத்தெருவில் இடம் கிடைப்பதற்கு உதவும் திட்டமும் சேர்ந்தால்தான் மானியம் முழுப் பலன் தரும்.

இங்கேதான் உள்ளாட்சிக் கடைகளின் முக்கியத்துவம் வருகிறது. பேருந்து நிலையங்களிலும் மார்க்கெட்டுகளிலும் நகராட்சி, மாநகராட்சிகளுக்குச் சொந்தமான கடைகள் உண்டு. அவை பொதுச் சொத்து. அங்கே ‘அண்ணன் பையன்’ கதை செல்லாது. ஏலம் வைத்துத்தான் விட வேண்டும். ஆனால் எங்கும் பேசப்படுவது என்ன? ஏலம் எடுத்தவர் ஒருவர், கடை நடத்துகிறவர் வேறொருவர் என்பதுதான். ஏல அறிவிப்பு வந்ததே நமக்குத் தெரிவதில்லை. தெரிந்தாலும் கட்ட வேண்டிய முன்பணம் நம்மிடம் இல்லை.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறோம். உங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள நகராட்சி அல்லது மாநகராட்சிக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதுங்கள். பத்து ரூபாய்தான் கட்டணம். உள்ளாட்சிக்குச் சொந்தமான கடைகள் எத்தனை, யார் பெயரில் குத்தகை, எந்த ஆண்டு ஏலம் விடப்பட்டது, மாத வாடகை எவ்வளவு, பட்டியல் சாதியினர் நடத்தும் கடைகள் எத்தனை என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். ஒரு கல்லூரியில் பத்துப் பேர் சேர்ந்து இதைச் செய்தால், மேடையில் ஒரு மணி நேரம் பேசுவதைவிடப் பெரிய காரியம் அது.

நடைபாதையில் மூன்று ஆண்டு

கடை கிடைக்காத நாங்கள் ஒரு சந்து முனையில் மேசை போட்டோம். கண்ணாடிப் பெட்டி ஒன்று, சால்டரிங் கருவி ஒன்று, மூன்று முக்காலி. பக்கத்தில் டீ விற்ற அம்மா தன் தார்ப்பாயை எங்கள் தலைக்கும் கொஞ்சம் இழுத்துவிட்டார். “வெயில்ல போனு வெந்துடும்பா” என்பார். சார்ஜிங் பின் மாற்றுவது, மைக் மாற்றுவது, தண்ணீரில் விழுந்ததைக் காயவைப்பது என்று வேலை ஓடியது. மூன்று ஆண்டு அந்த மேசை மூன்று வீட்டுக்குச் சோறு போட்டது.

2015-ல் ஒரு காலை. முதல்நாள் சாயங்காலம் வாயால் சொன்னார்கள். மறுநாள் காலை வண்டியோடு வந்தார்கள். மேசை ஏறியது. கண்ணாடிப் பெட்டி உடைந்தது. உள்ளே வாடிக்கையாளர்களின் ஏழு போன்கள் இருந்தன. அந்த ஏழு போன்களுக்குப் பதில் சொல்லவே மாதக்கணக்கானது. டீக்கடை அம்மாவின் ஸ்டவ்வும் போனது. அவர் அழவில்லை. “இது எனக்கு நாலாவது ஸ்டவ்வு” என்றார்.

அன்று எங்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. தெரு வியாபாரிகள் வாழ்வாதாரப் பாதுகாப்புச் சட்டம் 2014-லேயே வந்துவிட்டது. அதில் இருப்பதை நம் ஆட்கள் ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும்.

முதலாவது, ஊரிலுள்ள தெரு வியாபாரிகளைக் கணக்கெடுத்துச் சான்றிதழ் தர வேண்டும். அந்தக் கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் தரும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. இரண்டாவது, இடம் மாற்ற வேண்டுமென்றால் 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். மூன்றாவது, பொருளை எடுத்தால் பட்டியல் எழுதித் தர வேண்டும். உரிய கட்டணம் செலுத்திக் கேட்டால், அழுகாத பொருளை இரண்டு வேலை நாளுக்குள்ளும், அழுகும் பொருளை அன்றே நாளுக்குள்ளும் திருப்பித் தர வேண்டும். நான்காவது, ஒவ்வொரு ஊரிலும் நகர விற்பனைக் குழு இருக்க வேண்டும். அதில் குறைந்தது 40 சதவீதம் பேர் தெரு வியாபாரிகள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் உரிய இடம்.

கீரை விற்கும் நம் அம்மாக்களில் எத்தனை பேருக்கு அந்தச் சான்றிதழ் கிடைத்திருக்கிறது? எத்தனை பேர் அந்தக் குழுவில் இருக்கிறார்கள்? கொரோனா காலத்தில், 2020-ல் தெரு வியாபாரிகளுக்கு முதல் தவணை 10,000 ரூபாய் கடன் தரும் மத்தியத் திட்டம் வந்தபோது, அடையாள அட்டையும் பட்டியலில் பெயரும் கேட்டார்கள். பெயர் இருந்தவர்கள் வாங்கினார்கள். பெயர் இல்லாதவர்கள் மறுபடியும் மீட்டர் வட்டிக்காரரிடம்தான் போனார்கள். ஆகவே பெயரைப் பதிவது வெறும் காகித வேலை அல்ல.

துடைப்பம் பிடிப்பவரின் உரிமை

கடைத்தெருவைப் பற்றி எழுதிவிட்டு அதன் சாக்கடையைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாதிக் கட்டுரைதான். ஓட்டல் கழிவும் எண்ணெயும் சேர்ந்து சாக்கடை அடைத்துக்கொண்டால், யாரையாவது கூப்பிட்டு உள்ளே இறக்குவது பல ஊர்களில் இன்னும் நடக்கிறது. கடைக்காரர் தனியாகப் பணம் கொடுத்து இறக்கினாலும் அது குற்றம்தான். 2013-ம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்பில்லாமல் ஒருவரைக் கழிவுநீர்க் குழியிலோ தொட்டியிலோ இறக்கினால் முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உயிர் போனால் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014-ல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது.

ஐநூறு ரூபாய்க்கும் ஒரு குவார்ட்டருக்கும் இறங்காதீர்கள் என்று தம்பிகளைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறோம். இறங்கச் சொன்னவருக்கு அடைப்பு எடுபட்டால் போதும். உங்கள் வீட்டுக்கு நீங்கள் திரும்பி வர வேண்டும்.

சுவரில் ஒரு படம்

மேசை போன மறு வருஷம் எங்களுக்கு ஒரு கடை கிடைத்தது. முக்கிய வீதியில் அல்ல, உள்ளடங்கிய சந்தில். உரிமையாளர் ஒரு முஸ்லிம் பெரியவர். இரண்டே கேள்வி கேட்டார்: “அஞ்சாம் தேதி வாடகை வந்துடுமா? ராத்திரி பத்துக்கு மேல சத்தம் இருக்காதே?” எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை. எங்களுக்குத்தான் அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. கேட்காமல் விட்டது நிஜம்தானா, நாளைக்குக் கேட்பாரா என்று.

கடைக்குப் பெயர் வைக்கும்போது தகராறு. ஒருவர் ‘அம்பேத்கர் மொபைல்ஸ்’ என்றார். ஒருவர், “வர்ற ஆளும் வராம போயிடும்” என்றார். பக்கத்துக் கடைகளைப் பார்த்தோம். குலதெய்வத்தின் பெயர், சாதித் தலைவரின் படம், சங்கத்தின் காலண்டர் என்று எல்லாரும் தங்கள் அடையாளத்தை வாசலிலேயே தொங்கவிட்டிருந்தார்கள். அது அவர்களுக்கு இயல்பு. நமக்கு மட்டும் அது ‘அரசியல்’ ஆகிவிடுகிறது. கடைசியில் சாதியும் இல்லாத, சாமியும் இல்லாத ஒரு பெயரை வைத்தோம். அண்ணலின் படத்தை மேசைக்கு அடியில், நாங்கள் மட்டும் பார்க்கிற இடத்தில் ஒட்டினோம். சாமி கும்பிடுவதுபோலக் காலையில் குனிந்து பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குவோம்.

இப்படி ஒளித்துவைத்து வியாபாரம் செய்த நாட்களைப் பற்றி எங்களுக்குப் பெருமை இல்லை, வெட்கமும் இல்லை. மூன்று வீட்டில் உலை கொதிக்க வேண்டியிருந்தது. ஆனால் ஒளிப்பதற்கும் ஒரு விலை உண்டு. நம் ஊர்க்காரர் யாராவது கடைக்கு வந்து சத்தமாக உறவுமுறை சொல்லிக் கூப்பிட்டால் பக்கென்று இருக்கும். சொந்த மாமனைப் பார்த்துப் பயப்படுகிற நிலை எவ்வளவு கேவலம்! அப்படி ஒருநாள் ஒரு மாமன் வந்தபோது, நாங்கள் ‘வாங்க சார்’ என்றோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. போனைச் சரிசெய்துகொண்டு, காசைக் கையில் கொடுக்காமல் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அந்தக் காலத்து மளிகைக் கடையில் நம் தாத்தா வைத்ததுபோல.

அன்று இரவு படம் மேசைக்கு அடியிலிருந்து சுவருக்கு வந்தது. வீதியைப் பார்த்தபடி மாட்டினோம். பழகிய வாடிக்கையாளர் இருவர் அதன்பின் வரவில்லை. அல்லது அவர்கள் போன் பழுதாகவில்லையோ என்னவோ. மற்றவர்கள் வந்தார்கள். அவர்கள் கேட்டதெல்லாம், டிஸ்ப்ளே மாற்ற எவ்வளவு, இன்றைக்கே கிடைக்குமா என்பதுதான். கைவேலை சுத்தமாக இருந்தால் கடைத்தெருவில் பாதிப் பேருக்குச் சுவர் தேவையில்லை. மீதிப் பாதிக்காகத்தான் சட்டம், சங்கம், படிப்பு எல்லாம் தேவைப்படுகிறது.

எங்களில் ஒருவர் இன்று திருப்பூரில் இருக்கிறார். ஒருவர் இதை எழுத உட்கார்ந்திருக்கிறார். ஒருவர் அந்தக் கடையை நடத்துகிறார். காலனிப் பிள்ளைகள் இரண்டு பேருக்கு வேலை கற்றுத் தருகிறார்.

திருப்பாதிரிப்புலியூருக்கு ஒரு பழங்கதை உண்டு. கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்ட திருநாவுக்கரசர் கரையேறிய ஊர் இது என்பார்கள். பக்கத்தில் கரையேறவிட்டகுப்பம் என்றே ஓர் ஊர் இருக்கிறது. நம் பிள்ளைகளும் முதுகில் ஒரு கல்லோடுதான் இந்த ஊர்ப் பேருந்து நிலையத்தில் இறங்குகிறார்கள். அவர்களைக் கரையேற்றப் பாட்டு போதாது. ஏல அறிவிப்பைக் காலனி வாசகசாலையில் ஒட்டுகிற ஒரு மாணவர் வேண்டும். கீரைக்கார அம்மாவுக்குச் சான்றிதழ் மனு எழுதித் தருகிற ஒரு தங்கை வேண்டும். உள்ளாட்சிக் கடைகளில் நமக்குரிய பங்கைக் கூட்டத்தில் எழுந்து கேட்கிற கவுன்சிலர்கள் வேண்டும். ‘எந்தப் பக்கம்’ என்று கேட்காத கடை உரிமையாளர்கள் இன்னும் நாலு பேர் வேண்டும்.

அடுத்த முறை தீபாவளித் துணி எடுக்க லாரன்ஸ் ரோட்டுக்குப் போகும்போது, பையைத் தூக்கிக்கொண்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள். இரவு ஷட்டர் இறங்கும்வரை கொஞ்சம் நின்று, சாவி யார் யார் இடுப்பில் போகிறது என்று பாருங்கள். ஊருக்குத் திரும்பிப் பிள்ளைகளிடம் அதைப் பேசுங்கள்.